மா பிசையும் மெசின் வாங்குவதற்கு முன்

அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து நான்கு பெண்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைக்காம்பராவில் இருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே வந்திருந்தார்கள். அவர்களுடைய டிவிசனுக்குப் பாண் வருவது ஆட்டோவில். மழை பெய்து ரோடு கெட்டால் அதுவும் இல்லை. சூன் பாண்காரரின் பாட்டுச் சத்தம் கீழே மெயின் ரோட்டோடு போய்விடும், லயத்துக்கு ஏறி வராது. ஆகவே தாங்களே பாண் போட்டு விற்றால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். "கடன் எடுத்து மா பிசையிற மெசின் ஒன்னு வாங்கலாம்னு இருக்கோம் ஐயா. எது நல்ல மெசின்னு சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

மெசினைக் கடைசியாக வாங்குங்கள் என்று சொன்னோம். ஒரு தங்கச்சியின் முகம் வாடிப்போயிற்று. கடன் தரமாட்டோம் என்று சாக்குச் சொல்கிறோம் என நினைத்துவிட்டார் போலும். அப்படியல்ல. ஏன் கடைசியாக, வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எப்படிக் கையாள்வது என்பதை அன்று பேசியதை விடக் கொஞ்சம் விபரமாக இங்கே எழுதுகின்றோம். மற்றத் தோட்டங்களிலும் இதே யோசனையோடு இருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

பாண் நமக்குப் புதியதல்ல. அந்தச் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. போறணை என்ற சொல்லும் அவர்களுடையதே. ஆனால் தோட்டத்துக் குசினியில் கோதுமை மா என்றால் முதலில் ரொட்டிதான். 1980 முதல் திருகோணமலையில் பெரிய மா ஆலை ஓடுகின்றது. அதற்கு முன்னரும் பின்னரும் நம் பெண்கள் பிசைந்த மாவுக்குக் கணக்கில்லை. ஆகவே மா பிசையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ரொட்டிக்குப் பிசைவதும் பாணுக்குப் பிசைவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் விளங்கிக் கொண்டால் போதும்.

ரொட்டிக்கு மா ஒன்றுசேர்ந்து உருண்டையானால் காரியம் முடிந்தது. பாணுக்கு அப்படியில்லை. கோதுமை மாவில் இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை இரண்டும் பின்னிக்கொண்டு றப்பர் போல இழுபடும் ஒரு வலையாக மாறும். இதற்குப் பசையம் என்று பெயர். பிசையப் பிசைய வலை பலப்படும். ஈஸ்ட் விடுகின்ற காற்று இந்த வலைக்குள் சிறைப்பட்டு நிற்பதால்தான் பாண் உப்புகின்றது. வலை பலமில்லாவிட்டால் காற்று ஓடிவிடும், பாண் கல்லாகும். அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் இந்த வலை உண்டாகாது. அதனால்தான் அவற்றில் தனியாகப் பாண் போட முடிவதில்லை.

கையால் பிசைந்தால் இந்த வலை வர 15 முதல் 20 நிமிடம் செல்லும், அதுவும் விடாமல் பிசைய வேண்டும். மெசின் செய்வது இந்த வேலையைத்தான், வேறு எதையும் அல்ல. மெசின் வாங்கிவிட்டால் பாண் தானாக நன்றாக வரும் என்று எண்ணுவது, கத்தி வாங்கினால் கறி ருசிக்கும் என்று எண்ணுவது மாதிரி.

இந்த மெசின் பிறந்த கதையும் ஒருவருடைய கைவலியில் இருந்துதான் தொடங்கியது. 1908 இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜோன்ஸ்டன் என்ற பொறியியலாளர், பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மா கிளறிக் கஷ்டப்படுவதைப் பார்த்து, இதற்கு ஒரு மெசின் செய்யலாமே என்று நினைத்தார். 1915 அளவில் அவருடைய ஹோபார்ட் கம்பனியின் பெரிய மெசின்கள் அங்கே பேக்கரிகளில் ஓடத் தொடங்கின. வீட்டுக்கான சின்ன மெசின் 1919 இல் வந்தது. சட்டி அசையாமல் நிற்க, கொக்கி தானும் சுழன்று சட்டியைச் சுற்றியும் வரும் அந்த அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை.

மெசின் வகைகள்

கடையில் போய் மிக்சர் என்று கேட்டால் பலவற்றைக் காட்டுவார்கள். முதலில் நம் வீடுகளில் இருப்பதைப் பார்ப்போம். சம்பல் அரைக்கிற மிக்சியில் பாண் மா பிசைய முடியாது. அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் தரம் சுற்றும் கத்தி. மாவை இழுக்காது, வெட்டும். ஒரு நிமிடத்துக்குள் மா சூடாகிவிடும், மோட்டாரும் மணக்கத் தொடங்கிவிடும். இந்தியாவில் இருந்து வருகின்ற கோயம்புத்தூர் கிரைண்டர்கள் சிலவற்றோடு மா பிசையும் துண்டு ஒன்றும் தருகிறார்கள். அது சப்பாத்தி, ரொட்டிக்கு நல்லது. வீட்டுக்கு ஒரு றாத்தல் பாண் போட வேண்டுமானால் சமாளிக்கலாம், வியாபாரத்துக்கு ஆகாது. கையில் பிடித்து அடிக்கும் கேக் பீட்டரில் சுருள் கம்பி இரண்டு இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கேக்குக்குத்தான்.

அடுத்தது மேசையில் வைக்கிற, 5 லீற்றர் அளவுச் சட்டியுள்ள வீட்டு மெசின். பார்க்க அழகாக இருக்கும். இதில் ஒரு கிலோ உலர் மாவுக்கு மேல் போடுவது பாவம். அதையும் மெதுவான வேகத்தில்தான் பிசைய வேண்டும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அக்காமார் சிலர் துரைசானி வீட்டில் இதைக் கண்டிருப்பார்கள், அதையே வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிறந்தநாள் கேக்குக்கு வாங்குங்கள், பாண் விற்க வேண்டாம்.

பேக்கரிக்கு என்று இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று மேலே சொன்ன, கொக்கி சுற்றிவரும் பிளனட்டரி மிக்சர். இதில் கொக்கியைக் கழற்றி வேறு துண்டு போட்டால் கேக்கும் அடிக்கலாம், கிரீமும் அடிக்கலாம். மற்றது ஸ்பைரல் மிக்சர். இதில் சுருள் கொக்கியும் சுழலும், சட்டியும் சுழலும். கேக் அடிக்க உதவாது. ஆனால் மாவை அதிகம் சூடாக்காமல், குறைந்த நேரத்தில் நன்றாகப் பிசையும். பாணும் பணிசும் மட்டும் போடுவதென்றால் எங்கள் எண்ணத்தில் ஸ்பைரல்தான் நல்லது. கேக், பாண் இரண்டும் என்றால் பிளனட்டரியோடு பொறுத்துக் கொள்ளலாம்.

இங்கேதான் ஆட்கள் பெரிதாக ஏமாறுகிறார்கள். 20 லீற்றர் மெசின் என்று எழுதியிருந்தால் 20 கிலோ மா போடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லீற்றர் என்பது சட்டியின் கொள்ளளவு மட்டுமே. 20 லீற்றர் பிளனட்டரியில் பாண் மாவுக்கு 4 அல்லது 5 கிலோ உலர் மா போடலாம், அதற்கு மேல் வேண்டாம். அதே 20 லீற்றர் ஸ்பைரலில் 8 கிலோ வரை போடலாம். கடைக்காரரிடம் "எத்தனை லீற்றர்" என்று கேட்க வேண்டாம், "பாண் மாவுக்கு எத்தனை கிலோ உலர் மா" என்று கேளுங்கள். அவர் சொல்வதிலும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக் கொள்ளுங்கள். கேக் கலவைக்குச் சொல்லும் அளவைப் பாணுக்குச் சொல்லிவிடுவார்கள். பெரிதாக வாங்கினால் பிறகு உதவும் என்பதும் சரியல்ல. மெசின் கொள்ளுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டால் கொக்கி மாவைப் பிடிக்காது, மா சட்டியோடு சும்மா உருண்டு கொண்டிருக்கும்.

தகட்டை வாசியுங்கள்

எங்கள் தவறொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் கேகாலை மாவட்டத்திலேயே ஒரு குழு பழைய மெசின் ஒன்று வாங்கியது. கூடப் போய் நின்றவர்கள் நாங்கள்தான். விலை மலிவு, பெரிய சட்டி, புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. லொறியில் ஏற்றி, ஆறு பேர் தூக்கிக் கொண்டுவந்து இறக்கினோம். மின்சார வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து பின்பக்கத் தகட்டில் இருந்த பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார். த்ரீ பேஸ் மோட்டார். அந்த லயத்துக்கு வந்தது சிங்கிள் பேஸ் லைன். மோட்டாரை மாற்றக் காசில்லை, புது லைன் இழுக்கவும் வழியில்லை. மெசின் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது, கடன் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. தகட்டை முதலில் வாசித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். நாங்கள் வாசிக்கவில்லை.

எந்த மெசினிலும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் நான்கு விஷயம் பாருங்கள். வோல்ட் 220 இல் இருந்து 240 வரை இருக்க வேண்டும், இலங்கை மின்சாரம் 230 வோல்ட். ஹேர்ட்ஸ் 50 ஆக இருக்க வேண்டும். பேஸ் 1 என்று இருக்க வேண்டும். நாலாவது கிலோவாட். இது 1.1 என்றால் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைவலு, ஓடும்போது 5 அம்பியர் அளவு இழுக்கும். ஆனால் தொடங்குகிற அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். பழைய லயத்து வயரில் பல்பு மங்குவதும் கட்டவுட் எரிவதும் இதனால்தான்.

ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான்கள் நம் நாட்டில் நிறைய விற்கப்படுகின்றன. பொருள் நல்லதுதான், ஆனால் ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதை நேரே நம் பிளக்கில் குத்தினால் புகைதான் வரும். அமெரிக்க மெசின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இவற்றுக்குத் தனியாக ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மலிவாக இராது.

மெசினுக்குத் தனி லைன் இழுத்து, ஏர்த் கம்பி போட்டு, ட்ரிப் சுவிட்ச் வழியாகவே கொடுக்க வேண்டும். ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள வேலை இது. பக்கத்து வீட்டு ஹோல்டரில் இருந்து வயர் இழுத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு, தகுதியுள்ள மின்சார வேலைக்காரரைக் கொண்டு செய்யுங்கள்.

பழைய மெசினை வாங்கும்போது இரண்டு கிலோ மாவும் தண்ணீரும் கையோடு கொண்டு போங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. வெறும் சட்டியை ஓட்டிக் காட்டினால் எந்த மெசினும் நன்றாகத்தான் ஓடும், மா போட்டால்தான் சங்கதி வெளியே வரும். பத்து நிமிடம் பிசைய விட்டு, பல்சக்கரம் நறநறக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, மோட்டார் தொட முடியாத சூடா என்று பாருங்கள். நிறுத்திய பின் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் உள்ளே தேய்ந்துவிட்டது. கொக்கி பொருந்தும் இடத்தில் கிரீஸ் அல்லது ஒயில் கசிந்திருந்தால் அது நாளைக்குப் பாணில் விழும். உதிரிப்பாகம் கேகாலையிலோ கண்டியிலோ கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

கணக்குப் போடுங்கள்

வந்த பெண்களோடு உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கு இது. 5 கிலோ மாவுக்கு 3 லீற்றர் தண்ணீர், 90 கிராம் உப்பு, 100 கிராம் சீனி, 50 கிராம் உலர் ஈஸ்ட், 100 கிராம் மாஜரின். எல்லாம் சேர்ந்து 8 கிலோவும் 340 கிராமும். வேகும்போது தண்ணீர் ஆவியாகி எடை குறையும் என்பதால் ஒரு றாத்தல் பாணுக்குப் பிசைந்த மாவை 510 கிராமாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் 16 பாண்.

மெசினுக்கு மாதத் தவணை 12,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மா, ஈஸ்ட், விறகு, மின்சாரம் எல்லாம் கழித்து ஒரு பாணில் 10 ரூபா மிஞ்சுகின்றது என்றும் வைப்போம். தவணை கட்ட மட்டும் மாதம் 1,200 பாண் விற்க வேண்டும். 25 நாள் போட்டால் நாளுக்கு 48 பாண், அதாவது 15 கிலோ மா. இதில் பிசைந்தவருக்கும் சுட்டவருக்கும் ஒரு சதமும் கூலி இல்லை. "எங்க டிவிசன்ல முப்பது பாண் போகும், சம்பள வாரம்னா நாப்பது போகும்" என்றார் அவர்களில் மூத்தவர். அப்படியானால் அந்த மெசினுக்கு இவர்கள்தான் சம்பளமில்லாமல் உழைப்பார்கள். உங்கள் தவணையையும் உங்கள் மிச்சத்தையும் இதே மாதிரி எழுதிப் பாருங்கள். தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

எங்கள் மதிப்பில் நாளுக்கு 10 கிலோ மா வரை இரண்டு பேர் கையாலேயே பிசைந்துவிடலாம். அதற்கு மேல் போகும்போது, அதுவும் மாதக்கணக்காக அந்த அளவு விற்றுக் காட்டிய பிறகு, மெசினை யோசிக்கலாம்.

கையால் பிசைவதை இலேசாக்க ஒரு வழி உண்டு. இதைப் பிரான்ஸ் நாட்டுப் பாண் ஆசிரியர் ரேமோன் கால்வெல் 1974 இல் விளக்கினார். மாவையும் தண்ணீரையும் மட்டும் சேர்த்துக் கிளறி, உலர்ந்த மா தெரியாத அளவுக்கு வந்ததும் மூடி வைத்துவிட வேண்டும். உப்பு வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம். 20, 30 நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், நீங்கள் பிசையாமலே அந்த வலை பாதி உண்டாகியிருக்கும். பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் பாதி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் போறணைக்கு விறகு வைக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம். ரொட்டிக்குப் பிசைந்த மாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துத் தட்டினால் மெதுவாக வரும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். அதே சங்கதிதான் இது.

பிசையும் மேசை உங்கள் மணிக்கட்டு உயரத்துக்கு இருக்கட்டும். நாள் முழுக்கக் கூடை சுமந்த முதுகு, குனிந்து பிசைந்தால் ஒரு மாதம் தாங்காது.

முதலில் வாங்க வேண்டியவை

முதலாவது தராசு. கிராம் கணக்கில் காட்டுகின்ற தராசு இல்லாமல் பாண் வியாபாரம் தொடங்கவே கூடாது. உப்பையும் ஈஸ்ட்டையும் கைப்பிடி, சிட்டிகை என்று போட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாண் வரும். அதோடு சட்டமும் இருக்கின்றது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2024 பெப்ரவரியில் விதித்தபடி ஒரு பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். முழுப் பாணில் பொறுக்கப்படும் குறை 13.5 கிராம் மட்டுமே. கொழுந்து மடுவத்தில் அரைக் கிலோ குறைத்து எழுதினால் நாம் எப்படிச் சத்தம் போடுகிறோம்! நம்மிடம் பாண் வாங்குகிறவருக்கும் அந்த உரிமை உண்டு.

இரண்டாவது போறணை. கேகாலைப் பக்கத்தில் றப்பர் விறகு கிடைக்கும் என்பதால் செங்கல் போறணை இன்னும் நமக்குக் கட்டுப்படியாகும். பேக்கரி அளவு மின்சார அடுப்புக்குப் பெரும்பாலும் த்ரீ பேஸ் வேண்டும். காஸ் அடுப்பு வசதிதான், ஆனால் 2022 இல் காஸ் இல்லாமல் நாட்டில் எத்தனை பேக்கரிகள் மூடிக்கிடந்தன என்பது நினைவிருக்கும். விறகுப் போறணையில் நெருப்பை உள்ளேயே எரித்து, தணலை வெளியே இழுத்து, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்த பின் பாணை வைப்பார்கள். சூடு பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவுங்கள். எடுத்த எடுப்பில் கருகினால் சூடு அதிகம், கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெள்ளையாகவே கிடந்தால் சூடு போதாது. பதமாகப் பழுப்பேறினால் சரி. வெப்பமானி இருந்தால் 200 முதல் 220 பாகை செல்சியஸ் வரை பார்த்து வையுங்கள். 450 கிராம் பாணுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும்.

போறணையை லயத்துச் சுவரோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். இடம் எடுப்பதற்காக மண் மேட்டை வெட்டவும் வேண்டாம். 2016 மே 17 ஆம் திகதி சாமசர மலை சரிந்ததை அரநாயக்கவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்தில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகின்றது. தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரிடமும் முன்கூட்டியே பேசிக் கொள்ளுங்கள். கட்டிய பிறகு உடைக்கச் சொன்னால் அந்தக் காசு போனது போனதுதான்.

இவற்றுக்குப் பிறகு பாண் அச்சுகள், மா வெட்டும் தகடு, மூடியுள்ள பெரிய பேசின்கள், சுட்ட பாணை ஆறவைக்கக் கம்பித் தட்டு. பாணைச் சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். அச்சுகளை ஒரே அளவில் வாங்குங்கள். கலந்து வாங்கினால் ஒன்று கருகும்போது மற்றது வேகாமல் இருக்கும்.

மெசின் வந்த பிறகு

முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு மாவை மெதுவாகச் சரியுங்கள். உயரத்தில் இருந்து கொட்டினால் எழும்புகின்ற மாத்தூசி நாளடைவில் மூச்சு வருத்தத்தைக் கொண்டுவரும். பேக்கரிக்காரர்களின் இழுப்பு நோய் என்று மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். முதல் 3, 4 நிமிடம் மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். ஸ்பைரலில் அதன்பின் 5, 6 நிமிடம் கூடிய வேகம் வைக்கலாம். பிளனட்டரியில் இறுகிய பாண் மாவைக் கூடிய வேகத்தில் பிசைந்தால் பல்சக்கரம் தேயும். அதைக் கடைசி வரை மெதுவாகவே ஓட்டுங்கள், நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நிமிடத்தை மட்டும் நம்ப வேண்டாம். மெசினை நிறுத்தி, எலுமிச்சை அளவு மா எடுத்து விரல்களால் மெதுவாக விரித்துப் பாருங்கள். பலூன் தோல் மாதிரி மெல்லிதாக விரிந்து, வெளிச்சம் தெரிந்து, கிழியாமல் இருந்தால் பதம். உடனே கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். கூடப் பிசைந்துவிட்டால் மா பளபளத்து, பிசுபிசுத்து, இழுத்த பக்கம் எல்லாம் ஓடும். கையால் பிசைகிறவருக்கு இந்தப் பயம் இல்லை, கை முதலில் களைத்துவிடும். மெசின் களைக்காது. போன வலையைத் திருப்பிக் கொண்டுவர வழியும் இல்லை.

மெசின் மாவைச் சூடாக்கும் என்றோம். பிசைந்து முடிந்த மா 26, 27 பாகை அளவில் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் புளிப்பு வாடை வரும். மார்ச், ஏப்ரல் வெக்கையில் தண்ணீரில் கொஞ்சம் ஐஸ் போட்டுக் கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதை தயவுசெய்து எல்லாரும் கவனிக்க வேண்டும். ஓடுகிற மெசினுக்குள் கை போகக் கூடாது, கரண்டியும் போகக் கூடாது. ஒட்டியதை வழிக்க வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு வழியுங்கள். கொக்கி மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று நினைக்க வேண்டாம். பல கிலோ மாவைத் திருகுகின்ற பலம் அதற்கு உண்டு, மணிக்கட்டு அதற்கு ஒரு பொருட்டல்ல. சேலைத் தலைப்பு, துப்பட்டா, விரித்த கூந்தல், வளையல், தொங்குகிற தாலிக்கொடி எதுவும் மெசினுக்குக் கிட்ட வேண்டாம். சட்டிக்கு மேலே கம்பிக்கூடு இருக்கும். அதைத் தூக்கினால் மெசின் தானே நிற்க வேண்டும். சிலர் இது தொந்தரவு என்று அந்த சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய மெசினை ஓட்ட மறுத்துவிடுங்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவை விட்டு இழுக்கும் ரோலர் மெசின் இன்னும் ஆபத்தானது. மாவோடு விரலையும் சேர்த்து இழுத்துவிடும். சிறு பேக்கரிக்கு அது தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. பிள்ளைகளை வேலை நேரத்தில் உள்ளே விடாதீர்கள்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்றும் முன்னரே யோசித்து வையுங்கள். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அந்த அளவு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது நமக்குப் பழக்கம்தானே. உடனே பிளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது மெசின் தானாக ஓடத் தொடங்கலாம். மாவை மேசையில் கொட்டி இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையால் முடித்துவிடுங்கள். ஆகவே மெசின் வாங்கிய பிறகும் மேசையை விற்றுவிட வேண்டாம்.

வேலை முடிந்ததும் சட்டியையும் கொக்கியையும் அன்றைக்கே கழுவுங்கள். காய்ந்த மாவுக்கு எறும்பும் கரப்பானும் எலியும் வரும். மெசின் உடம்பில் தண்ணீரை அள்ளி ஊற்றாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அந்த நான்கு பெண்களும் இப்போது ஒரு தராசும் பன்னிரண்டு அச்சும் வாங்கியிருக்கிறார்கள். போறணைக்கு இடம் காட்டச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அது வரும் வரை ஒருவர் வீட்டுச் சின்ன காஸ் அடுப்பில், சனிக்கிழமைகளில் மட்டும், 5 கிலோ மா. முதல் சனிக்கிழமை 16 பாணில் மூன்று கருகிப் போயிற்றாம், பிள்ளைகள் அதையும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டதாம். எத்தனை பாண் போட்டோம், எத்தனை விற்றது, யார் கடன் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியோடு வரச் சொல்லியிருக்கிறோம், மெசின் கதையை அப்போது பேசலாம்.